இரவு பன்னிரண்டு மணிக்கு நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்?

முதலாம் பாடவேளையில் வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர்களுக்குக் கடந்த சில வருடங்களாக ஒரு காட்சி பழகிப்போய்விட்டது. மணி எட்டுக் கூட ஆகியிருக்காது. பின்வரிசையில் இரண்டு மூன்று பிள்ளைகள் மேசையில் தலை சாய்த்திருப்பார்கள். கண்கள் சிவந்திருக்கும். பெயர் சொல்லி அழைத்தால் சற்றுக் கழித்தே நிமிர்வார்கள். "சுகமில்லையா மகன்?" என்று கேட்டால், "இல்ல சேர், நித்திர காணாது" என்று பதில் வரும். முன்பெல்லாம் இப்படி ஒரு பிள்ளை தூங்கினால் வீட்டில் ஏதோ பிரச்சினை, அல்லது வாப்பாவோடு கடைக்குப் போய் நேரம் பிந்தி வந்திருக்கிறான் என்று ஊகிப்போம். இப்போது பக்கத்தில் இருப்பவனே விடை சொல்லிவிடுகிறான்: "அவன் ரெண்டு மணி வரைக்கும் ஒன்லைன்ல இருந்தான் சேர்." அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் சொன்னவனும் தலையைக் குனிந்துகொள்வான்.

சமூக ஊடகங்கள் இளம் சமுதாயத்தைக் கெடுக்கின்றன என்று மிம்பரிலும் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லிச் சொல்லி அந்த வசனமே தேய்ந்துவிட்டது. கேட்கிற பிள்ளைக்கும் அது மனப்பாடம். எந்த வழியால் கெடுக்கின்றன, எந்த நேரத்தில் கெடுக்கின்றன என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. ஆய்வுகள் சொல்வதையும் வகுப்பறையில் தெரிவதையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: பிள்ளைகளின் மனநலத்துக்கு ஏற்படும் பாதிப்பில் பெரும்பகுதி இரவில் நிகழ்கிறது. வீடு உறங்கிய பிறகு, சாத்திய கதவுக்குப் பின்னால், போர்வைக்குள் நிகழ்கிறது. பகலில் அதே கைத்தொலைபேசி ஓரளவுக்கு ஒரு கருவிதான். நள்ளிரவில் அது வேறொன்றாகிவிடுகிறது.

அது பிள்ளையின் கைக்கு வந்த விதத்தை நாம் மறந்துவிடக் கூடாது. 2020 மார்ச்சில் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஸூம் வகுப்புக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் ஸ்மார்ட் போன் வேண்டும் என்று கேட்டவர்கள் நாம்தான். நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுத்த உம்மாமார் இருக்கிறார்கள். கட்டாரிலும் சவூதியிலும் இருந்த வாப்பாமார் அனுப்பி வைத்தார்கள். பாடசாலைகள் திரும்பத் திறந்தன. போன் திரும்பிப் போகவில்லை. வகுப்புக்கென ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுக்களும் கலையவில்லை. வீட்டு வேலை, டியூஷன் 'டியூட்', பரீட்சை அட்டவணை எல்லாம் இன்றும் அதில்தான் வருகின்றன. அதுவும் பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்குப் பின்னர். "சேர் நோட்ஸ் அனுப்பியிருக்காரு உம்மா" என்று பிள்ளை கேட்டால் எந்த உம்மா மறுப்பார்? நோட்ஸைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதன் பிறகு போன் எங்கே போகிறது என்று பார்க்க, பகலெல்லாம் உழைத்துக் களைத்த அந்தத் தாய் விழித்திருப்பதில்லை.

இனி நித்திரைக்கு வருவோம். 13 முதல் 18 வயது வரையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் நித்திரை தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. நம் வீடுகளில் ஸுபஹ் தொழுகைக்கு ஐந்து மணியளவில் எழும்ப வேண்டும். கணக்கு எளிது: ஒன்பது மணிக்குப் படுத்தால் எட்டு மணித்தியாலம். பன்னிரண்டுக்குப் படுத்தால் ஐந்து. இரண்டு மணிக்குப் படுப்பவன் ஸுபஹையும் தவறவிட்டு, பாடசாலை வானின் ஹோர்ன் சத்தத்துக்கு எழும்புகிறான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டும். பருவ வயதை அடையும்போது உடலின் உட்கடிகாரம் இயல்பாகவே ஓரிரு மணித்தியாலம் பின்தள்ளிப் போகிறது. நித்திரைக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹோர்மோன், சிறு பிள்ளையில் சுரக்கும் நேரத்தைவிடப் பிந்தியே பதின்ம வயதினரில் சுரக்கிறது. ஆகவே பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொல்வது எப்போதும் பொய்யல்ல. ஆனால் அந்தத் தூக்கம் வராத இடைவெளியில் கையில் ஒரு திரை இருந்தால் என்ன நடக்கிறது? திரையின் வெளிச்சம் மெலடோனின் சுரப்பை மேலும் தாமதப்படுத்துகிறது. வெளிச்சத்தைவிடப் பெரிய விடயம் திரையில் ஓடுவது. முன்பு ஒரு பக்கத்தைப் பார்த்து முடித்தால் அடுத்த பக்கத்துக்கு அழுத்த வேண்டும். அந்த இடத்தில் மனிதன் ஒரு கணம் நின்று, போதும் என்று முடிவு செய்வான். 2006இல் ஏஸா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்த நிறுத்தத்தையே நீக்கி, கீழே இழுக்க இழுக்க முடிவில்லாமல் வரும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக அவரே பகிரங்கமாக வருந்தினார். டிக்டொக், ரீல்ஸ் எல்லாம் அந்த முறையில்தான் ஓடுகின்றன. பத்து வீடியோவில் ஒன்பது சப்பென்று இருக்கும், பத்தாவது சிரிக்க வைக்கும். எது பத்தாவது என்று முன்கூட்டியே தெரியாததால்தான் விரல் நிற்பதில்லை. சூதாட்ட இயந்திரம் மனிதனைப் பிடித்து வைத்திருப்பதும் இதே உபாயத்தால்தான். வளர்ந்தவர்களாகிய நமக்கே நிறுத்த முடிவதில்லை என்பதைக் கொஞ்சம் மனசாட்சியோடு ஒப்புக்கொள்வோமாக.

நித்திரை குறைந்த மூளைக்கு என்ன ஆகிறது என்பது ஓரளவு தெளிவாகவே அறியப்பட்ட விடயம். அச்சம், கோபம் போன்ற உணர்வுகளோடு தொடர்புடைய பகுதி தேவைக்கு மேல் துலங்குகிறது. அதை அடக்கி நிதானப்படுத்தும் முன்மூளை தளர்கிறது. பகலில் கேட்டால் தட்டிவிட்டுப் போகக்கூடிய ஒரு சொல், இரவு ஒரு மணிக்கு வாசிக்கும்போது நெஞ்சில் குத்துகிறது. தொடர்ந்து பல வாரங்கள் இப்படிப் போனால் எரிச்சல், கவனமின்மை, எதிலும் பிடிப்பின்மை, பதகளிப்பு, மனச்சோர்வு என்று வரிசையாக வந்து சேர்கின்றன. கற்றது நினைவில் படிவதும் நித்திரையின்போதுதான். ஹிப்ழ் மத்ரஸாக்களில் இஷாவுக்குப் பின் பிள்ளைகளை நேரத்தோடு உறங்க வைத்து, பஜ்ருக்கு முன் எழுப்பிப் பாடம் கேட்கும் உஸ்தாத்மார் எந்த ஆய்வையும் வாசித்து அதைச் செய்யவில்லை. இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீணாகப் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி. நாம் இஷாவுக்குப் பின் முழு உலகத்தையும் படுக்கைக்குள் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

ரமழானை இங்கே சொல்லாமல் விட முடியாது. நோன்பு காலத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. தராவீஹ் முடிந்து வரும் இளைஞர்கள் ஸஹர் வரை விழித்திருப்பது சில ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அந்த ஐந்தாறு மணித்தியாலத்தில் குர்ஆனுக்கு எவ்வளவு, போனுக்கு எவ்வளவு என்று கேட்டால் வீட்டுக்கு வீடு பதில் தெரியும். ஸுபஹ் தொழுதுவிட்டு லுஹர் வரை உறக்கம். ஒரு மாதம் இப்படித் தலைகீழான உடற்கடிகாரத்தோடு பிள்ளை திரும்பப் பாடசாலைக்கு வரும்போது, பழைய நிலைக்குத் திரும்ப அவனுக்குப் பல நாட்கள் எடுக்கின்றன. இதைக் கண்டிப்பதற்காகச் சொல்லவில்லை. பெருநாள் முடிந்த வாரத்தில் பிள்ளை சிடுசிடுப்பாகவும் சோர்வாகவும் இருந்தால் அதன் காரணம் கண்ணேறாக இருக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சமூக ஊடகமும் மனநலமும் பற்றி ஆய்வாளர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதில்லை. 2019இல் ஆமி ஓர்பன், அன்ட்ரூ பிஸிபில்ஸ்கி என்ற இருவர் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பதின்ம வயதினரின் தரவுகளை ஆராய்ந்து, டிஜிட்டல் சாதனப் பாவனைக்கும் மனநலனுக்கும் இடையிலான தொடர்பு மிகச் சிறியது, வேறுபாட்டில் 0.4 வீதத்தைத்தான் அது விளக்குகிறது என்றார்கள். உருளைக்கிழங்கு உண்பதற்கும் மனநலனுக்கும் உள்ள தொடர்பு எவ்வளவோ அவ்வளவுதான் என்று அவர்கள் ஒப்பிட்டது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. மறுபக்கம், 2022இல் மூன்று பொருளியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. பேஸ்புக் 2004இல் ஆரம்பித்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்த இடங்களையும் அப்போது சேராத இடங்களையும் ஒப்பிட்டபோது, வந்த இடங்களில் மாணவர்களின் மனநலம் குறைந்திருந்தது. தொழிலை இழந்த ஒருவரின் மனநலத்தில் ஏற்படும் பாதிப்பில் ஐந்திலொரு பங்குக்கும் சற்று அதிகம் என்று அதன் அளவைக் கணித்தார்கள். அதற்குப் பிரதான வழியாக அவர்கள் கண்டது, மற்றவரோடு தன்னை ஒப்பிடுதல்.

இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? எல்லாப் பிள்ளைகளையும் எல்லாப் பாவனையையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால் பாதிப்பு சிறிதாகத் தெரியும். கணிதப் பாட வீடியோ பார்ப்பவனும், நள்ளிரவில் அழுதுகொண்டு மற்றவரின் படங்களைப் பார்ப்பவளும் ஒரே பட்டியலில் வருகிறார்கள். எந்தப் பிள்ளை, எதை, எந்த நேரத்தில், எதை இழந்து பார்க்கிறது என்று பிரித்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். நித்திரை விடயத்தில் கேள்வி அவ்வளவு கலங்கலாக இல்லை. ஒன்றேகால் இலட்சம் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட 20 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், படுக்கை நேரத்தில் போன் போன்ற சாதனங்களைப் பாவித்த பிள்ளைகளிடம் போதாத நித்திரை ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. கவனிக்க வேண்டியது அடுத்தது: பாவிக்காமல், எட்டும் இடத்தில் சாதனம் இருந்த பிள்ளைகளின் நித்திரையும் குறைந்தே இருந்தது. ஏதாவது வந்திருக்குமோ என்ற எதிர்பார்ப்பு ஒரு காதைத் திறந்தே வைத்திருக்கிறது.

ஒப்பிடுதல் என்று சொன்னேன். அதற்கு நம் சமூகத்தில் ஒரு தனிப் பருவமே உண்டு: பெறுபேற்றுப் பருவம். சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகிச் சில மணித்தியாலங்களுக்குள் முகநூல் முழுக்க வாழ்த்துப் பதாகைகள். பாடசாலையின் பக்கம், பழைய மாணவர் சங்கத்தின் பக்கம், டியூஷன் நிலையத்தின் பக்கம், பள்ளிவாசல் குழு, ஊர்க் குழு, குடும்பக் குழு. ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் படம், பெயர், பெற்றோர் பெயர், மாஷா அல்லாஹ். அந்தப் பிள்ளையின் உழைப்பைக் கொண்டாடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் ஒன்பது ஏ பெறுபவர்கள் மிகச் சிறிய பங்கினர். மீதிப் பிள்ளைகள் எல்லோரும் அன்று இரவு விழித்திருந்து அதே படங்களை மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று பி, நான்கு சி, இரண்டு எஸ் எடுத்த பிள்ளை சித்தியடைந்த பிள்ளைதான். உயர்தரம் படிக்கலாம், தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகலாம். அன்று இரவு அவளுக்கு அது தெரியாது. அவளுடைய சொந்த மாமா மற்றவரின் பதாகைக்குக் கீழே இட்ட வாழ்த்தும், தன் பெயர் எங்கும் இல்லாத வெறுமையும்தான் தெரியும்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் இது இன்னும் மோசம். பத்து வயதுப் பிள்ளையின் புள்ளியை ஊரறியப் போடுகிறோம். வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளைக்கு முகநூல் கணக்கே இருக்காது. ஆனால் உம்மாவின் முகம் போனைப் பார்த்து வாடுவது அதற்குத் தெரியும். உலக விடயங்களில் தமக்கு மேலே இருப்பவரைப் பார்க்காமல் கீழே இருப்பவரைப் பார்க்கும்படி நபியவர்கள் வழிகாட்டியது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. சமூக ஊடகத்தின் அல்கோரிதம் சரியாக அதற்கு எதிர்த்திசையில் கட்டப்பட்டிருக்கிறது. அதிகம் விருப்பு விழுந்ததைத்தான் அது எல்லோர் முன்னும் கொண்டுவந்து நிறுத்தும். ஆகவே திரையில் தெரியும் உலகத்தில் எல்லோரும் மேலேதான் இருப்பார்கள். அழகிலும் அப்படியே. 2021இல் பேஸ்புக் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹோகன் வெளிக்கொணர்ந்த உள்ளக ஆவணங்களில், தம் உடலைப் பற்றி மனக்குறை கொண்டிருந்த பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளில் 32 வீதமானோர் இன்ஸ்டகிராம் அந்த உணர்வை மேலும் மோசமாக்கியதாகச் சொன்ன பதிவு இருந்தது. நிறுவனத்துக்கே தெரிந்திருந்தது. நிறத்தை வெளுப்பாக்கும் பில்டர் போட்டுப் படம் எடுக்கும் நம் பிள்ளைகள் கண்ணாடியை ஏன் வெறுக்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அல்கோரிதம் செய்யும் இன்னொன்று கவலையைக் கண்டுபிடித்து அதற்குத் தீனி போடுவது. சோகமான வீடியோவில் ஒருவர் சில விநாடி கூடுதலாக நின்றால், அதை அவர் விரும்புவதாகக் கணக்கெடுத்து அதே வகையில் மேலும் மேலும் கொடுக்கும். பிரித்தானியாவில் 2017இல் உயிரிழந்த 14 வயது மாணவி ஒருவரின் மரண விசாரணை 2022இல் முடிந்தபோது, இணையத்தில் அவர் பார்த்த உள்ளடக்கங்களின் தீய தாக்கமும் அந்த மரணத்துக்குப் பங்களித்தது என்று மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார்.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஒரு சுமையும் இருக்கிறது. இன்று பதினாறு, பதினேழு வயதில் இருப்பவர்கள் விவரம் தெரிந்த நாள் முதல் தம் சமூகத்தைப் பற்றிய வெறுப்பைத் திரையில் வாசித்து வளர்ந்தவர்கள். 2018இல் அம்பாறையில் உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாகப் பரவிய பொய், அதைத் தொடர்ந்து திகன, 2019 ஏப்ரலுக்குப் பின் ஒவ்வொரு அபாயாவுக்கும் கீழே எழுதப்பட்ட வார்த்தைகள், 2020இல் ஜனாஸா எரிப்புக் காலத்தில் அதற்கு இடப்பட்ட சிரிப்புக் குறிகள். 2018 கலவரத்தில் தம் தளம் பயன்படுத்தப்பட்டதற்காக பேஸ்புக் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. பெரியவர்கள் அதை அரசியலாகப் பார்த்தோம், அறிக்கை விட்டோம். அறைக்குள் தனியாக இருந்து அந்தக் கருத்துப் பகுதியை ஒவ்வொன்றாக வாசித்த பிள்ளையின் மனதில் அது என்ன ஆனது என்று எத்தனை வீடுகளில் கேட்டோம்? சிங்கள மொழி வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு.

எல்லாவற்றையும்விட எனக்கு அச்சமூட்டுவது இரகசியம். ஒரு பெண்பிள்ளையின் படத்தை எடுத்து, அல்லது கேட்டு வாங்கி, அதை ஊருக்குக் காட்டுவேன் என்று மிரட்டுவது இன்று நம் ஊர்களில் நடக்கிறது. இப்போது உண்மையான படம் கூடத் தேவையில்லை, முகத்தை வெட்டி ஒட்டச் செயற்கை நுண்ணறிவு போதும். ஆண்பிள்ளைகளும் தப்பவில்லை: பெண் பெயரில் ஒரு போலிக் கணக்கு, ஓரிரு நாள் பேச்சு, ஒரு படம், பிறகு பணம் கேட்டு மிரட்டல். இதைக் குழுவாகச் செய்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். மிரட்டல் பெரும்பாலும் இரவில்தான் வரும். யாரிடமும் போக முடியாத நேரம் அது.

அப்படி ஒரு பிள்ளை ஏன் உம்மாவை எழுப்புவதில்லை? பயத்தினால்தான், ஆனால் மிரட்டுபவன் மீதுள்ள பயம் இரண்டாவது. முதல் பயம் நம் மீது. போனை உடைப்பார்கள், அடிப்பார்கள், பாடசாலையை நிறுத்துவார்கள், கலியாணம் பேசிவிடுவார்கள், குடும்பத்தின் மானம் போய்விட்டது என்று நானா பேசாமல் விடுவான். இவை நடக்காத விடயங்கள் என்று நாம் சொல்ல முடியாது. மிரட்டுபவன் பிடிப்பது இந்தக் கயிற்றைத்தான். "வீட்டில் சொன்னால் உனக்குத்தான் நாசம்" என்று அவன் சொல்வது உண்மையாக இருக்கும் வரை அவனுக்கு வேறு ஆயுதம் தேவையில்லை.

ஆகவே பிள்ளையிடம் ஒன்றும் நடக்காத ஒரு நல்ல நாளில், சாப்பாட்டு நேரத்தில், தெளிவாகச் சொல்லி வையுங்கள்: எந்தத் தவறு நடந்திருந்தாலும் என்னிடம் வா, உன் படிப்பு நிற்காது. சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டும். அப்படி ஒன்று நடந்தால் செய்ய வேண்டியவை சில: பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மீண்டும் கேட்பான். உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன் ஷொட் எடுத்து வையுங்கள். பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவில் முறையிடலாம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். 18 வயதுக்குட்பட்டவரின் படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் அனுப்பாமலேயே அதன் டிஜிட்டல் அடையாளத்தை மட்டும் எடுத்து, பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற தளங்களில் அது பதிவேறாமல் தடுக்க உதவுகிறது.

முற்றாகத் தடை செய்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் பொறுப்பை நிறுவனங்கள் மீது சுமத்தியிருக்கிறது. பலன் தெரியச் சில வருடங்கள் எடுக்கும். ஒரே போனை உம்மா, ராத்தா, தம்பி மூவரும் பாவிக்கும் நம் வீடுகளில் வயது பார்த்துத் தடுப்பது எப்படி என்பது வேறு கேள்வி. சட்டம் வரும் வரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குச் செலவும் இல்லை. சார்ஜரை அறையிலிருந்து எடுத்து ஹோலில் வையுங்கள். இரவு ஒன்பதரைக்குப் பின் வீட்டிலுள்ள எல்லாப் போனும் அங்கே இருக்கட்டும். எல்லா என்பதில் வாப்பாவின் போனும் அடக்கம். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்று பிள்ளை சொன்னால் சில நூறு ரூபாவுக்கு ஒரு மணிக்கூடு வாங்கிக் கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார் வீட்டுக்கு எடுக்கும் அழைப்பை அந்த நேரத்துக்கு முன் மாற்றிக்கொள்ளலாம். முதல் வாரம் சண்டை வரும். பதின்ம வயதினரின் கணக்குகளுக்கு இரவு 10 முதல் காலை 7 வரை அறிவித்தல்களை நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டை 2024இல் இன்ஸ்டகிராம் நிறுவனமே அறிவித்தது. விற்பவனே இரவில் மூட வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பொருள் இது.

ஆசிரியர்களுக்கும் டியூஷன் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப வேண்டியதை மஃரிபுக்கு முன் அனுப்புங்கள், அல்லது மறுநாள் கரும்பலகையில் எழுதுங்கள். பெறுபேறு வந்தால் பாடசாலைப் பக்கத்தில் படங்களைக் கொட்டுவதற்கு ஒரு வாரம் பொறுங்கள். அந்த வாரத்தில், பதாகையில் இடம் பெறாத பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். அஹதியா வகுப்புகளிலும் குத்பாவிலும் நித்திரையைப் பற்றியும் பேசலாம், அது தூக்கம் வரவைக்கும் தலைப்பு அல்ல.

போனை ஹோலில் வைத்த பிறகும் ஒரு பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரையின்றி, உண்ணாமல், நண்பர்களை ஒதுக்கி, விருப்பமானவற்றில் நாட்டமின்றி இருந்தால் அது வேறு கட்டம். உலகில் 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. ஈமான் குறைவு என்று ஏசுவதால் அது போகாது. ஓதிப் பார்ப்பவர்கள் ஓதிப் பார்க்கட்டும், அதோடு வைத்தியரிடமும் அழைத்துப் போங்கள். நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் உடல் நோய், மன நோய் என்று பிரித்துச் சொல்லவில்லை. 'அங்கொடை' என்ற ஊர்ப் பெயரையே ஏச்சாக மாற்றிவிட்ட நாடு இது, அதனால்தான் தயங்குகிறோம். ஆனால் அங்கொடைக்குப் போகத் தேவையில்லை. மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் பல ஆதார வைத்தியசாலைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, அரச வைத்தியசாலை என்பதால் கட்டணமும் இல்லை. முதல் நாள் பெரும்பாலும் பேச்சோடு முடிந்துவிடும்: எப்போது படுக்கிறாய், எப்போது எழும்புகிறாய், பசிக்கிறதா, யாரோடு பேசுகிறாய். உம்மா வெளியே இருக்க, வைத்தியரோடு தனியாகப் பேச பிள்ளை விரும்பினால் விட்டுவிடுங்கள். வாழவே விருப்பமில்லை என்ற கதை பிள்ளையின் வாயிலிருந்து ஒரு தடவை வந்தாலும் அதை நடிப்பு என்று எண்ணாமல், தனியே விடாமல், அன்றே அழைத்துச் செல்லுங்கள். நேரம் நள்ளிரவாக இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் அப்போதும் திறந்திருக்கும்.